எஞ்சினுக்கு அடியில்

எஞ்சினைத் தூக்கிக் கட்டியிருந்த முக்காலியின் ஒரு கால் சேற்றில் வழுக்கியபோது, "எஞ்சின் போச்சு" என்று மேஸ்திரி கத்தினான். எஞ்சினுக்கு அடியில் வெல்டரின் இடது பாதம் இருந்தது. அது அவன் கத்தலில் வரவில்லை.

என் பஞ்சர் கடை அந்தப் பட்டறைக்கு நேர் எதிரே. நான் ரோட்டைத் தாண்டி ஓடுவதற்குள் வெல்டர் மல்லாந்து கிடந்தான். சத்தமே போடவில்லை, வாய் மட்டும் திறந்திருந்தது. நானும் மேஸ்திரியும் கடப்பாரையைக் கொடுத்து எஞ்சினை நெம்ப, காலை இழுத்து எடுத்தவள் தங்கச்சி. எது செருப்பு, எது விரல் என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி எல்லாம் ஒன்றாக நசுங்கியிருந்தது. அவள் தோளில் கிடந்த துணியை உருவி இறுக்கிக் கட்டினாள். அதற்குள் மேஸ்திரி எஞ்சினைச் சுற்றி வந்து, எங்காவது விரிசல் விட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தங்கச்சி என்றால் வெல்டரின் தங்கச்சி, மேஸ்திரியின் மனைவி. அண்ணன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு எங்கள் ரோடே அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டது. புருஷன் மட்டும் 'ஏய்' என்பான்.

அந்தப் பட்டறைக்குக் கூரை கிடையாது. எண்ணெய் குடித்துக் கறுத்துப்போன மண்தரையில் லாரிகள் நிற்கும். பின்னால் இரண்டு அறை வீடு, அதை ஒட்டி ஒரு கிணறு. மூன்று பேர் குடித்தனம். வெல்டரும் மேஸ்திரியும் ஒரே இடத்தில் தொழில் பழகியவர்கள். அப்பா அம்மா இல்லாத தங்கச்சியைக் கூட்டாளிக்கே கட்டிக்கொடுத்தால் கண் எதிரிலேயே இருப்பாள் என்று வெல்டர் நினைத்தான். இருந்தாள். அவள் வாங்கிய அடியும் அவன் கண் எதிரிலேயே இருந்தது.

மேஸ்திரிக்குக் கைத்தொழில் தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன். ஓடுகிற எஞ்சினில் காதை வைத்தே எந்தச் சிலிண்டரில் கோளாறு என்று சொல்லிவிடுவான். ஆனால் மூக்குக்கு மேல் கோபம். ஸ்பேனர் நழுவினால் ஸ்பேனரை எறிவான், நட்டு கழலாவிட்டால் நட்டைத் திட்டுவான், இரண்டும் போதாமல் வீட்டுக்குள் போவான். உள்ளே பாத்திரம் விழும் சத்தம் கேட்கும். வெளியே வரும்போது முகத்தைக் கழுவிக்கொண்டு சாந்தமாக வருவான். அந்தச் சாந்தத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆஸ்பத்திரியில் வெல்டரின் விரல்களை எடுத்துவிட்டார்கள். கட்டோடும் கக்கத்துக் கட்டையோடும் வந்து பட்டறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். முதல் நாளே பேச்சை ஆரம்பித்துவிட்டான்.

"முக்காலி இனிமே வேணாம் மாப்ள. கேன்ட்ரி ஒண்ணு பண்ணிடலாம்."

"உக்காந்துக்கிட்டே கப்பல் கட்டுறியா மச்சான்?" என்றான் மேஸ்திரி.

"கப்பல் இல்ல. ஏணிய விரிச்சு வச்ச மாதிரி இந்தப் பக்கம் ரெண்டு கால், அந்தப் பக்கம் ரெண்டு கால். மேல குறுக்க ஒரு பீம். பீம்ல ஓடுற டிராலி, டிராலில செயின் பிளாக். அடியில சக்கரம். லாரி எங்க நிக்குதோ அங்க தள்ளிட்டுப் போலாம். பீமையும் காலையும் அச்சாணி போட்டுத்தான் பூட்டணும், வெல்டு வைக்கக் கூடாது. அச்சாணியத் தட்டினா கழண்டுடும். சின்ன வண்டில அடுக்கி எங்க வேணும்னாலும் எடுத்துட்டுப் போலாம்."

"எங்க போறதா உத்தேசம்?"

"வழியில லாரி நின்னுபோச்சுன்னு ஆள் வராங்கல்ல. அதுக்குச் சொன்னேன்."

மேஸ்திரி கொஞ்ச நேரம் பல் குத்திக்கொண்டிருந்தான். பிறகு, "யோசிச்சுப் பார்க்கறேன்" என்றான். சாயங்காலம் என் கடைக்கு வந்தவன், "பஞ்சர் அண்ணே, நான் ஒரு கேன்ட்ரி பண்ணப்போறேன்" என்று ஆரம்பித்து, ஏணியை விரித்தது முதல் சின்ன வண்டி வரை ஒன்று விடாமல் ஒப்பித்தான். மச்சான் பெயர் மட்டும் வரவில்லை.

வேலை தொடங்கியது. இடித்த தொழிற்சாலை ஒன்றிலிருந்து ஒரு பீம் கிடைத்தது. ஆழ்துளைக் கிணற்றுக்கு இறக்கிப் பிடுங்கிய பழைய குழாய்கள் கால்களாயின. நிற்க முடியாததால் வெல்டர் தரையில் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து, சாக்குக்கட்டியால் கேன்ட்ரியின் காலை முழு அளவில் வீட்டை ஒட்டிய சிமெண்டுத் தரையில், மண்ணைக் கூட்டித் தள்ளிவிட்டு, வரைந்தான். கோட்டின் மேல் குழாயைக் கிடத்தி, தங்கச்சி ஈரச் சாக்கைச் சுற்றி அழுத்திப் பிடித்துக்கொள்ள, அவன் முதலில் பொட்டுப் பொட்டாக ஒட்டினான். கோணம் சரிதானா என்று நூல் பிடித்துப் பார்த்தபிறகுதான் முழு வெல்டுத் தையல். நசுங்கிய காலை நான் கொடுத்த பழைய டயர் மேல் தூக்கி வைத்திருந்தான். வெயில் குழாயைத் தொட முடியாமல் சுட்டது. திடீரென்று மழை வந்தால் அவள் வெல்டிங் மிஷின் மேல் தார்ப்பாயை இழுத்துப் போட்டுவிட்டு அண்ணன் தலைக்குத் தகரத்தைப் பிடிப்பாள். மதியம் அங்கேயே சோறும் பருப்பும், ஆளுக்கு ஒரு அவித்த முட்டை. மேஸ்திரி நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே, "அந்தத் தையல் கோணலா இருக்கு" என்பான். கோணலாக இருக்காது.

அச்சாணி இரண்டு. பக்கத்துக்கு ஒன்று. மொத்தப் பாரமும் அவற்றின் மேல்தான். பழைய லாரி ஆக்சிலை வெட்டி லேத்துக்காரரிடம் கொடுத்துக் கடைந்து வாங்கினான் வெல்டர். கைக்குள் அடங்கும் தடிமன், கண்ணாடி மாதிரி வழவழப்பு. ஓட்டையில் வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினால் மூச்சு விடுகிற சத்தத்தோடு உள்ளே போகும். அதைப் போட்டுப் போட்டு எடுத்துப் பார்த்து அண்ணனும் தங்கச்சியும் சிரித்தார்கள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது.

ஒரு நாள் காலையில் அவள் ஒரு கண்ணைத் திறக்க முடியாமல் வந்தாள்.

"என்னம்மா ஆச்சு?" என்று கேட்டேன்.

"வெல்டிங் வெளிச்சம் அடிச்சிடுச்சு அண்ணே."

வெல்டிங் வெளிச்சம் பட்டால் கண் சிவக்கும், மணலைக் கொட்டியதுபோல உறுத்தும். எல்லாம் சரி. கன்னத்தில் விரல் அச்சுப் பதிக்காது. வெல்டிங்கிலேயே வாழ்க்கையைக் கழித்த அண்ணனிடமும் அவள் இந்தச் சப்பைக்கட்டைச் சொல்லியிருக்கிறாள். அவன் சுத்தியலைக் கையில் எடுத்துக்கொண்டு, கட்டையை ஊன்றி எழுந்தான்.

"மாப்ள, இந்தக் கண்ணைக் கொஞ்சம் பாருங்க."

"அது எங்க வீட்டு விஷயம்."

"நானும் அந்த வீட்டுலதான் இருக்கேன்."

"இருக்கறது மட்டுமா, தின்னுக்கிட்டும்தான் இருக்க. சுத்தியலைக் கீழ வை."

வெல்டர் சுத்தியலை ஓங்கினான். ஒற்றைக் காலில் நின்று ஓங்குகிறவனால் குறி வைக்க முடியுமா. அடி லாரியின் மட்கார்டில் விழுந்து தகரம் பள்ளமானது. மேஸ்திரி கக்கத்துக் கட்டையை எட்டி உதைத்தான். வெல்டர் விழுந்ததும், கட்டுப் போட்ட பாதத்தின் மேல் தன் குதிகாலை வைத்தான். வைத்துவிட்டு எடுக்கவில்லை. உடம்பின் பாரத்தையெல்லாம் அந்தக் குதிகாலில் இறக்கி, சிகரெட்டை அணைப்பதுபோலத் திருகினான். எஞ்சின் விழுந்தபோது சத்தம் போடாத வெல்டர் இப்போது போட்டான். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

தங்கச்சி ஓடிவந்து ஈரச் சாக்கால் புருஷனை முதுகில் அடித்தாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் முழங்கையைப் பின்னால் வீசினான். அவள் உதடு கிழிந்தது. நான் டயர் கழற்றும் லிவரோடு போய் அவன் முழங்கால் பின்பக்கம் ஒன்று வைத்தேன். மடிந்து உட்கார்ந்தான். உட்கார்ந்தபடியே, "பஞ்சர் அண்ணே, குடும்பத்துக்குள்ள வராதீங்க" என்றான். குழந்தைக்குச் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னான்.

அவன் முகம் கழுவப் போனபிறகு அவள் அண்ணன் காலில் கட்டைப் பிரித்தாள். துணி புண்ணோடு ஒட்டியிருந்தது. வெந்நீர் ஊற்றி ஊறவைத்துப் பிரித்தாள். அவள் உதட்டிலிருந்து வடிந்ததும் அந்தத் துணியில்தான் சொட்டியது.

"கிளம்பிடலாம் தங்கச்சி. இப்பவே."

"நடக்கக் காலு இருக்கா உனக்கு? எங்க போய் எதைத் தூக்கி என்ன வேலை பண்ணுவ?"

"பிச்சை எடுக்கறேன்."

"பேசாம இரு. கேன்ட்ரி முடியட்டும். அது கையில இருந்தா எந்த ரோட்டோரத்துல இறக்கி வச்சாலும் பொழைச்சுக்கலாம். அதுவரைக்கும் அவர் மேல கை வைக்காத அண்ணா. நீ ஒரு அடி அடிச்சா அது எனக்குப் பத்தா வருது."

அவர்கள் இருவருக்கும் அந்தப் பட்டறையை விட்டு வெளியேறும் வாசல் அந்த இரும்புச் சட்டம்தான் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மேஸ்திரிக்கும் வாசனை தட்டியிருக்க வேண்டும். மறுநாளிலிருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "என் கேன்ட்ரி" என்று சொல்லத் தொடங்கினான். பீமின் இரண்டு பக்கத்திலும் 'மேஸ்திரி' என்று பெரிய எழுத்தில் எழுதச் சொன்னான். எழுதியவளும் அவள்தான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாரம் தூக்குகிற தொழிலில் இருப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஒரு தூக்கு, அதாவது பாரம் தூக்கும் சட்டம், செய்தால், முதல் பாரத்தை ஏற்றி நிறுத்தி, செய்தவன் அதற்கு அடியில் போய் நிற்க வேண்டும். பாரத்துக்கு உரியவர் ஒரு கிளாஸ் டீயைக் குடித்து முடிக்கும்வரை நிற்க வேண்டும். நின்று வெளியே வந்தவனுக்குத்தான் அந்தத் தூக்கு சொந்தம். பிறகு எவனும் அதில் பாத்தியதை பேச முடியாது. என் கையால் செய்தது என் தலையில் விழாது என்று காட்டத் தைரியம் இல்லாதவன் தூக்கில் யார் தன் எஞ்சினைத் தொங்கவிடுவார்கள்.

வெள்ளோட்டத்துக்கு முந்தின சாயங்காலம் தூறிக்கொண்டிருந்தது. நான் காற்றடிக்கும் மிஷினை மூடிக்கொண்டிருந்தேன். மேஸ்திரியின் குரல் வீட்டுக்குள்ளிருந்து ரோடு வரை வந்தது.

"நாளைக்கு யாருடி அடியில நிக்கப்போறது?"

அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை.

"திருப்பிச் சொல்லு."

"அண்ணன்தான் கோடு போட்டுச்சு. அண்ணன்தான் வெல்டு வச்சுச்சு. அண்ணன்தான் நிக்கணும்."

தட்டு உருண்டது. பின்கதவு படீரென்று திறந்தது. அவள் கிணற்றுப் பக்கம் ஓடிவருவதும் அவன் துரத்துவதும் தூறலில் மங்கலாகத் தெரிந்தது. அவன் கை வீசியது. அவள் கிணற்றுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கிணற்றுக்குள் கனமாக ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. வாளியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அவள் இடது கையை உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு வலது கையாலேயே எல்லாம் செய்தாள். மேஸ்திரி விடிந்ததும் விடியாததுமாகப் பழைய இரும்புக் கேட்டிலிருந்து ஒரு கம்பியை அறுத்து, அதற்குச் சிவப்புப் பெயிண்டு அடித்துக்கொண்டிருந்தான். அச்சாணிகளுக்கும் முன்பே அதே சிவப்பு அடித்திருந்தார்கள். உபரிக்கு ஒன்று செய்கிறான் போல என்று விட்டுவிட்டேன். கேன்ட்ரியைப் பூட்டும்போது, "நீ ஸ்டூல்ல உக்காரு மச்சான், நான் போட்டுக்கறேன்" என்று அவனே ஏணியில் ஏறினான். அவன் இப்படித் தானாக முன்வந்து வேலை செய்ததைப் பார்த்து வெல்டரே ஆச்சரியப்பட்டான்.

முதல் பாரமாகத் தன் லாரி எஞ்சினைக் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்த லாரிக்காரர் வந்தார். நல்ல மனிதர், பருத்த உடம்பு. ஒரு கிளாஸ் டீயை விருந்துச் சாப்பாடு மாதிரி ரசித்துக் குடிக்கிறவர். ரோட்டில் போன டிரைவர்கள், கிளீனர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். கேன்ட்ரியைத் தள்ளிக்கொண்டு போய் லாரியின் மூக்குக்கு நேராக நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தோம். வெல்டர் உட்கார்ந்தபடியே கைச் செயினை இழுத்தான்; ஒரு பக்கம் இழுத்தால் பாரம் ஏறும், மறுபக்கம் இழுத்தால் இறங்கும். செயின் பிளாக் கடகடவென்று கணக்குச் சொல்ல, எஞ்சின் அங்குலம் அங்குலமாக எழுந்து ஆள் உயரத்துக்கு வந்தது. லாரியைப் பின்னால் உருட்டினோம். வெட்டவெளியில் எஞ்சின் தனியாகத் தொங்கியது. அடியில் என் கடைப் பழைய டயர்களைப் பரப்பி வைத்திருந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

"அப்புறம் என்ன," என்று டீ கிளாஸை வாங்கிக்கொண்டார் லாரிக்காரர். "செஞ்சவன் போய் நில்லுப்பா."

"நான்தான் செஞ்சேன்" என்றான் மேஸ்திரி. சொன்னவன் நகரவில்லை. அவன் கண் பீமின் ஓரத்துக்குப் போய்ப் போய் வந்தது. முகத்தில் ஈயாடவில்லை.

வெல்டர் கட்டையை ஊன்றினான். "நான் நிக்கறேன் மாப்ள."

"நீ உக்காரு. நீ நின்னா நீ செஞ்சதா ஆயிடும்."

"அப்ப நீங்க நில்லுங்க."

கூட்டத்தில் ஒரு கிளீனர் கிளுக்கென்று சிரித்தான். அந்தச் சிரிப்பு மேஸ்திரியை என்னமோ செய்தது. சட்டென்று திரும்பி வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டான்.

"ஏய். இங்க வா. போய் அதுக்கு அடியில நில்லு."

லாரிக்காரர் கிளாஸை வாயிலிருந்து எடுத்தார். "என்னப்பா இது, பொம்பளைய நிறுத்தறே."

"என் பொண்டாட்டி நின்னா நான் நின்ன மாதிரிதான்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எங்கே பார்த்தான், ஏன் தானாக ஏணியில் ஏறினான், காலையில் எதற்குக் கம்பி அறுத்தான், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. வெல்டருக்கும் அதே நேரத்தில் புரிந்திருக்க வேண்டும். "தங்கச்சி, போகாத" என்று கத்தினான். அவள் அதற்குள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, இன்னொரு முறை சொல்லவைக்காமல், நேராக நடந்து வந்து எஞ்சினுக்கு அடியில் டயர்களின் மேல் உட்கார்ந்துவிட்டாள். தொங்கிக்கொண்டிருந்த கைச் செயினை எடுத்து வலது மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

லாரிக்காரர் சுடச்சுட டீயை ஒரே மடக்கில் விழுங்கினார். நாக்கு வெந்திருக்கும். காலிக் கிளாஸைக் கவிழ்த்துக் காட்டினார்.

"ஆச்சும்மா. வெளிய வா."

அவள் வரவில்லை.

"வரேன். அதுக்கு முன்னாடி அந்த ஓரத்து அச்சாணி எங்கன்னு அவரைச் சொல்லச் சொல்லுங்க."

எல்லோரும் மேலே பார்த்தார்கள். இந்தப் பக்கத்து அச்சாணி ஓட்டையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்தப் பக்கத்துச் சிவப்புக் கம்பிக்கும் ஓட்டைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. கம்பியின் நடுவில் பெயிண்டு செதில் செதிலாக வெடித்து, கீழே இருந்தவள் தலைமயிரில் உதிர்ந்தது. பீம் அந்தப் பக்கமாகக் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. இரும்பு இரும்பை அரைக்கும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது.

மேஸ்திரி பாய்ந்து போய் அவள் தோளைப் பிடித்தான். இடது தோள். அவள் வலியில் பல்லைக் கடித்தாள், ஆனால் எழுந்திருக்கவில்லை.

"இழுங்க" என்றாள். "செயின் என் கையில சுத்தியிருக்கு. என்னை இழுத்தா எஞ்சின் ஆடும். ஆடினா அந்தக் கம்பி தாங்காது. ரெண்டு பேரும் ஒண்ணா போவோம்."

அவன் கை தானாக விலகியது. இரண்டு எட்டில் வெளியே போய் நின்றான். பெண்டாட்டியை அடியிலேயே விட்டுவிட்டுப் போய் நின்றான். அத்தனை பேரும் பார்த்தோம்.

"அச்சாணி எங்க?"

"காணாமப் போச்சு. வெளிய வாடி."

"எங்க காணாமப் போச்சு?"

"கிணத்துல."

"அதுக்குக் கால் முளைச்சுக் கிணத்துக்கு நடந்து போச்சா?"

மேலே கம்பி முனகியது. கூட்டத்தில் யாரோ அழ ஆரம்பித்துவிட்டார்கள். வெல்டர் தரையில் தவழ்ந்து அவளை நோக்கி வந்துகொண்டிருந்தான். "நீ வராத அண்ணா" என்று அவள் அதட்டினாள். பிறகு திரும்பவும் அதே குரலில், "சொல்லுங்க. எப்படிப் போச்சு?"

"எறிஞ்சேன்" என்றான்.

"எதை எறிஞ்சீங்க, யார் மேல எறிஞ்சீங்க, முழுசாச் சொல்லுங்க. நாலு பேர் கேக்கட்டும்."

அத்தனை அடியையும் சாந்தமான முகத்தோடு அடித்தவன், அடித்ததை வாயால் சொல்ல முடியாமல் திணறினான். கம்பியிலிருந்து இன்னொரு செதில் உதிர்ந்தது.

"உன் மேல. அச்சாணிய உன் மேல எறிஞ்சேன். தோள்ல பட்டுக் கிணத்துல விழுந்துச்சு. போதுமா."

"வெல்டிங் வெளிச்சம்?"

"நான்தான். எல்லாம் நான்தான். வந்து தொலைடி."

அவள் மணிக்கட்டிலிருந்து ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தாள். செயினை ஆட்டாமல், கையில் தளர்வாகப் பிடித்தபடி, எங்கள் பக்கமாக வெளியே வந்து நின்றாள்.

கதை இத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் ஊறிப்போன கை சும்மா இருக்குமா. எஞ்சினுக்கு அந்தப் பக்கம் நின்ற மேஸ்திரி, அவள் தப்பித்துவிட்டாள் என்று கண்ட அந்த நொடியே பழைய மேஸ்திரியாகிவிட்டான்.

"நாலு பேர் முன்னாடி என் மானத்தையா வாங்குற" என்று கையை ஓங்கிக்கொண்டு, சுற்றி வரக்கூடப் பொறுமை இல்லாமல், குறுக்கு வழியில் வந்தான். எஞ்சினுக்கு அடியில், டயர்களின் மேல் கால் வைத்து, தலையைக் குனிந்துகொண்டு.

தங்கச்சி செயினை இழுத்தாள்.

கடகடவென்று எஞ்சின் இறங்கியது. அவன் ஓங்கிய கையில் முதலில் இரும்பு தட்டியது. நிமிர்ந்து பார்த்தான். அவள் இன்னும் இழுத்தாள், கிணற்றில் தண்ணீர் இறைப்பவள்போலச் சீராக, ஒரே கையால். அவன் குனிந்தான், உட்கார்ந்தான், டயர்களுக்கு நடுவே கால் மாட்டிக்கொண்டது. எஞ்சினின் அடியிலிருந்த எண்ணெய்த் தொட்டி அவன் முதுகைத் தொட்டபோது அவன் எழுப்பிய சத்தம் வெல்டர் அன்று எழுப்பிய சத்தத்தைப் போலவே இருந்தது.

"அம்மா, வேணாம்மா" என்றார் லாரிக்காரர்.

செயினை இன்னும் ஒரு கண்ணி இழுத்தால் நசுங்குவான் என்ற அளவில் அவள் நிறுத்தினாள். அவன் வயிற்றால் ஊர்ந்து, ஒரு செருப்பையும் பாதிச் சட்டையையும் உள்ளேயே விட்டுவிட்டு, நாலு காலில் வெளியே வந்தான். முதுகு நெடுகத் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. அவன் முழுதாக வெளியே வந்ததைப் பார்த்துக்கொண்டு, அவள் மீதிச் செயினையும் இழுத்து எஞ்சினை டயர்களின் மேல் உட்காரவைத்தாள். பாரம் இறங்கியதும் மேலே அந்தக் கம்பியைப் பார்த்தோம். வெண்டைக்காய் மாதிரி வளைந்திருந்தது.

அன்று மத்தியானமே அவள் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டிக் கிணற்றில் விட்டாள். நானும் வெல்டரும் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு கரண்டி வந்தது, ஒரு ஸ்பேனர் வந்தது, இன்னொரு கரண்டி வந்தது. அந்தக் கிணற்றுக்குள் பாதிச் சமையலறை இருந்தது. கடைசியில் அச்சாணி வந்தது. அவள் அதைத் துடைத்து அண்ணனிடம் கொடுத்தாள்.

லாரிக்காரர் சின்ன வண்டி ஒன்றை வரவழைத்திருந்தார். செயின் பிளாக்கை ஏற்றத் தொடங்கியபோது, வாசற்படியில் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்த மேஸ்திரி எழுந்து வந்தான்.

"அது என் கேன்ட்ரி. பேர் போட்டிருக்கு பாருங்க."

லாரிக்காரர் அவனைத் திரும்பிப் பார்த்தார். "அடியில நின்னது யாரு?"

"என் பொண்டாட்டி."

"நீ எங்க நின்ன?"

அவன் கூட்டத்தைப் பார்த்தான். கிளீனர்கள் பார்த்தார்கள், டிரைவர்கள் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். மேஸ்திரி திரும்பிப் போய்ப் படியில் உட்கார்ந்தான்.

"அந்தப் பேரை அழிச்சிடவா தங்கச்சி?" என்று கேட்டான் வெல்டர்.

"இருக்கட்டும். கேக்கறவங்களுக்கு நானே சொல்லிக்கறேன்."

பீமைப் பிரிக்க அந்தக் கம்பி ஒன்றுதான் பாக்கி. வளைந்த கம்பி ஓட்டையில் சிக்கிக்கொண்டு வர மறுத்தது. தங்கச்சி அண்ணனின் பெரிய சுத்தியலை வலது கையில் எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். முதல் அடியில் கம்பி அசையவில்லை. இரும்புச் சத்தம் பட்டறை முழுக்கப் பரவியது. நான் படிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். மேஸ்திரி கண்ணை இறுக்கி மூடி, தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, ஒரு கையை முகத்துக்கு முன்னால் தூக்கியிருந்தான். அவன் அடிக்கும்போது அவள் அப்படித்தான் கையைத் தூக்குவாள், நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அவள் அவனைப் பார்க்கவில்லை. இன்னொரு தடவை ஓங்கினாள்.